பருத்திக் குச்சி நட்ட இடம்

குளத்தூர் போகும் வழியில் காரை நிறுத்திக் கரிசல் காட்டுக்குள் இறங்குகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்ற நான் இன்று ஏழு பொக்லைனுக்கு முதலாளி. இந்தச் சீமையில் நான் தோண்டாத மண் கிடையாது. ஆனாலும் மண்ணில் பாதி புதைந்து கிடக்கும் இப்படியொரு பழைய சாடிக் கைப்பிடியைப் பார்த்ததில்லை. பக்கத்தில் நட்டிருந்த பருத்திக் குச்சியைப் பிடுங்கி, அதாலேயே கிண்டி எடுத்துவிட்டுக் குச்சியை வீசுகிறேன். துண்டால் துடைத்தபடி நடக்கையில் நிலத்துக்காரப் பெண் எதிரே வருகிறார்.

"எங்கன கிடந்துச்சு அண்ணாச்சி?"

"அங்கனதாம்மா, எங்கேயோ. ஒரு குச்சி நின்னுச்சு."

"அது நான் நட்ட குச்சி."

அந்தக் காலத்தில் கப்பலில் வந்த கிரேக்கச் சாடிகளை ஆயுசு முழுக்க ஆராய்ந்த பேராசிரியை ஒருவர் இந்தக் காட்டில் பல வருடம் அகழாய்வு வேலை செய்தாராம். வெளிநாட்டிலும் அவர் புத்தகத்தை வைத்துத்தான் பாடம் நடக்கிறதாம். போன மாதம் இறந்துவிட்டார். மிச்ச வேலைக்கு அவருடைய மாணவர்கள் நாளை வருகிறார்கள்.

"கிடந்த இடம் தெரியாத ஓடு வெறும் ஓடுன்னு அந்த அம்மா சொல்லுவாவ. அதான் எதைப் பாத்தாலும் எடுக்காம குச்சி நட்டு வைப்போம். இப்படி ஒரு கைப்பிடிக்கு அவிய எம்புட்டு ஏங்குனாவ."

திரும்பிப் பார்க்கிறேன். வெள்ளாமை முடிந்து காடு முழுக்கப் பிடுங்கிப் போட்ட பருத்திக் குச்சிகள்; நான் வீசிய குச்சி எது, கிண்டிய இடம் எது என்று தெரியவில்லை. கைப்பிடியை அவரிடம் நீட்டுகிறேன்.

"நீங்களே வச்சிக்கிடுங்க அண்ணாச்சி. இனி அது நாளைக்கு வர்றவியளுக்கு ஆகாது."