தேவகி சித்தியின் செக்-இன்

புது ரெக்ஸின் பெட்டிக்கென்று ஒரு நெடி உண்டு. ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் முன்னறையில் ஒரு வாரம் அந்த நெடியும், அம்மா வறுத்து அரைத்த பருப்புப்பொடியின் வாசனையும் கலந்து கிடந்தன. அம்மாவின் தங்கை தேவகி சித்தி, அம்பத்தூரில் ஒரு சின்ன மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள், மஸ்கட்டில் வேலை கிடைத்துப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் விமானம் ஏறியதில்லை.

வேலை வாங்கிக் கொடுத்தவர் போனில், "சீக்கிரமே போய் 'செக்-இன்' பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்தச் சொல் சித்தியைத் தூங்கவிடவில்லை. இங்கிலீஷில் கேட்பதற்குப் பதில் வராவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று உடன் வேலை பார்த்தவள் வேறு பயமுறுத்தியிருந்தாள்.

தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா தனக்குத் தெரிந்த வழியில் விளக்கினார். "நான் ஃபேக்டரி கேட்டுல கார்டு 'பஞ்ச்' பண்றேன்ல, அதே மாதிரிதான் தேவகி. நான் வந்துட்டேன்னு சொல்றது."

"போறவ எதுக்கு மாமா வந்துட்டேன்னு சொல்லணும்?" என்றாள் சித்தி.

அப்பா என்னைக் கூப்பிட்டார். ஐந்தாம் வகுப்பில் இங்கிலீஷ் மீடியம் படித்துக்கொண்டிருந்த என்னை அதிகாரியாக உட்காரவைத்துச் சாப்பாட்டு மேசையில் ஒத்திகை நடந்தது. நான் ஊரைக் கேட்பேன், வேலையைக் கேட்பேன். சித்தி பாஸ்போர்ட்டை என்னிடம் நீட்டி, ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷில் பதில் சொல்லிப் பார்ப்பாள்.

புறப்படும் நாளில் பட்டாபிராம் ஏழுமலை அண்ணனின் வேனில் பாதி குவார்ட்டர்ஸே மீனம்பாக்கம் வந்தது. சித்தி உள்ளே போனதும் நாங்கள் கண்ணாடிச் சுவரில் முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு நின்றோம். கவுண்டரில் பெட்டியைத் தூக்கி வைத்தாள், திரும்ப இறக்கினாள், தரையிலேயே உட்கார்ந்து அதைத் திறந்தாள். அம்மா அழத் தொடங்கிவிட்டாள்.

"இன்னாத்துக்கு அழுதுகினு கீறே அக்கா? வெயிட்டு ஜாஸ்தியா கீது, அவ்ளோதான். எட்த்துட்டா ஜம்முனு பூடுவாங்க" என்றார் ஏழுமலை அண்ணன்.

அவர் சொன்னதுபோலவே சித்தி ஒரு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். காவலரிடம் சொல்லிவிட்டு அதை அப்பாவின் கையில் கொடுத்தாள். அம்மா கட்டிக் கொடுத்த அரிசி.

"அங்க அரிசி கிடைக்குமாம்க்கா. கவுண்டர்ல இருக்கிற பொண்ணு சொல்லுது. அது திருமுல்லைவாயிலாம், தமிழ்லயேதான் பேசுது" என்றாள். அவ்வளவு நாள் கழித்து அப்போதுதான் அவள் சிரித்துப் பார்த்தேன். மறுபடி கவுண்டருக்குப் போய், கையில் வாங்கிய சீட்டை எங்களுக்குத் தெரியும்படி உயர்த்திக் காட்டினாள். அடுத்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் அந்த அரிசிச் சோறுதான். அம்மா ஒவ்வொரு நாளும், "இந்நேரம் அவளும் சாப்ட்டிருப்பா" என்று சொல்லிக்கொண்டே பரிமாறினாள்.

சித்தி பல வருடங்கள் அங்கே வேலை பார்த்துவிட்டு வந்து, கரையான்சாவடியில் ஃபிளாட் வாங்கிக் குடியிருக்கிறாள். வேன் நிறைய ஆட்கள் வழியனுப்பப் போகிற வழக்கம் இப்போது இல்லை. அவரவர் டாக்ஸி பிடித்துத் தனியாகப் போய்விடுகிறார்கள். சென்ற மாதம் அவள் தன் மகளைப் பார்க்க டில்லி கிளம்பியபோது, சமையலறை வாசலில் நின்றபடியே என் போனில் செக்-இன் செய்து முடித்தேன். தோசை ஊற்றிக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"யார்கிட்டயும் பேச வேணாமா?"

"வேணாம் சித்தி. சீட் மட்டும் சொல்லு."

"ஜன்னலோரமா போடு" என்றாள். தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "இத்தனை வருஷம் போயிட்டு வந்தேன், எங்க உக்கார வெச்சாங்களோ அங்க உக்காந்தேன். கேக்கலாம்னே எனக்குத் தெரியாது."