பெஞ்சில் நகர்ந்த பெயர்

டோக்கன் அக்கா பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் டோக்கன் கொடுப்பவள்; உட்கார்ந்தபடியே, கூட்டமில்லாத வேளைகளில் பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்டவள். அன்றைக்கு வரவேண்டியவர்களின் பட்டியலை முதலிலிருந்து பார்த்து, வரவில்லை என்றவர்களை நீக்கி, மற்றவர்களுக்கு மெசேஜ் அனுப்பும் புரோகிராம் அவள் எழுதியதுதான்.

கணவருக்குக் காய்ச்சல், இருவருமே வரவில்லை என்று ஓர் அம்மா சொல்லியிருந்தார். பட்டியலில் அடுத்தடுத்த பெயர்கள். கணவர் பெயர் ஒழுங்காக நீங்கிவிட்டது. அந்த அம்மாவுக்கு மட்டும் "வாருங்கள்" என்று மெசேஜ் போயிருந்தது. எவ்வளவு மண்டையை உடைத்தும் அக்காவுக்குக் காரணம் பிடிபடவில்லை.

அந்த நேரம் டாக்டர் கூப்பிட, பெஞ்சில் முதல் ஆள் எழுந்து போனார். மிச்சப் பேர் ஆளுக்கோர் இடம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அக்காவுக்குப் பொறி தட்டியது. பட்டியலிலும் இப்படித்தான், கணவரை நீக்கியதும் மனைவி அவர் இடத்துக்கு நகர்ந்திருக்கிறார். புரோகிராமோ அவரைப் பார்க்காமலே அடுத்த இடத்துக்குத் தாவியிருக்கிறது!

"அடச்சே!" என்று, பட்டியலைக் கடைசியிலிருந்து பார்க்கும்படி மாற்றினாள்; அப்போது நகர்கிறவர்கள் ஏற்கெனவே பார்த்து முடித்தவர்கள்தான், யாரும் விடுபட மாட்டார்கள். நிமிர்ந்தாள். எதிரே அந்த அம்மா.

"மன்னிச்சிடுங்கம்மா, மெசேஜ் தப்பா வந்துடுச்சு. சரி பண்ணிட்டேன், இனிமே அப்படி வராது."

"அதை எதுக்கும்மா சரி பண்ணினே? வீட்டுல அவர் புலம்பலைக் கேக்குறதுக்கு, இங்க வந்து பல்லைப் பிடுங்கிக்கிறது எவ்வளவோ மேல்."