பிள்ளையாரை ஓரெழுத்தாக்கிய ரியாஸ்

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை, பள்ளிக்கூடம் விடும் நேரம். எங்கள் மூன்று வேன்களில் இரண்டு ஓட்டத்தில் இருந்தன. மூன்றாவதின் சாவி என் கையில் இருந்தது. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. "அண்ணன், இவருக்கு மூச்செடுக்க ஏலாம ஈக்கி. கெதியா வாங்க." ரியாஸின் மனைவி நிஸ்மியாவின் குரல் என்று புரிய எனக்கு ஒரு கணம் பிடித்தது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனங்கள் நெருக்கியடித்து நின்றன. ஹோர்ன் அடித்தே கை வலித்தது. பேராதனை ஆஸ்பத்திரி வாசலில் அவரை இறக்கும்போது நேரத்துக்கு வந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். மாரடைப்பு முந்திக்கொண்டது. நாற்பத்து நான்கு வயது. மறுநாள் ஜும்ஆவுக்கு முன் அடக்கம் செய்தார்கள்.

அவரை அறிந்த கடைக்காரர்கள் உங்களுக்கு ரியாஸ் கடைகளுக்கு இணையத்தளம் செய்து கொடுப்பவர், குரல் உயர்த்தாதவர். எனக்கு அவர் நான் சண்டை பிடித்த ஆள். கோபம் எனக்கு மூக்கு நுனியில். அது உங்களுக்கும் தெரியும்.

மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நோயாளிகளைக் கண்டி நகருக்கும் பேராதனைக்கும் ஏற்றி வருவது எங்கள் தொழில். அதற்கு ஒரு தளம் செய்யச் சொன்னபோது முதலில் பிள்ளையார் வரவேண்டும் என்றேன். திரை நிறையப் பிள்ளையார், பக்கத்தில் அசையும் விளக்கு, பின்னால் பக்திப் பாட்டு. எங்கள் தொலைபேசி எண்ணை அந்தப் படத்துக்குள்ளேயே அவர் காலடியில் எழுதவைத்தேன், ஆசீர்வாதம் கிடைக்கட்டும் என்று. ரியாஸ் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பாரமா ஈக்கி, அண்ணன்" என்றார். "சாமின்னா பாரமாத்தான் இருக்கும்" என்றேன். அவர் நான் சொன்னபடியே செய்து கொடுத்தார்.

ஒரு மழைக்காலத்தில் மடுல்கெல்லவிலிருந்து செல்வி என்ற பெண் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். முதல் நாள் அவளுடைய அப்பாவுக்கு நெஞ்சுவலி. எங்கள் பெயரை யாரோ சொல்ல, அவள் ஃபோனில் தேடியிருக்கிறாள். "தொறந்துக்கிட்டே இருந்துச்சுங்க. பிள்ளையாரு தலை மட்டும் வந்துச்சு. தும்பிக்கைகூட முழுசா வரல. நம்பரு எங்க இருந்துச்சுன்னே தெரியலங்க." கடைசியில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில் சாக்குகளுக்கு நடுவே அப்பாவைக் கிடத்திக் கொண்டுவந்திருக்கிறார்கள். பிழைத்துவிட்டார். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று தொடங்கிய டாக்டர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாராம். செல்வி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நேரே ரியாஸிடம் போய்க் கத்தினேன். தளம் செய்யத் தெரியாதவன் எதற்குக் கடை திறந்தாய் என்றுகூடக் கேட்டேன். அவர் தலை நிமிரவில்லை. "எனக்குத் தெரியும், அண்ணன். நான் ஒரு முஸ்லிம், ஒங்கட சாமிப் படத்தைச் சின்னதாக்குங்க என்டு எப்படிச் செல்ற? மனசு நோகும் என்டு பேசாம இருந்துட்டேன்."

"அந்தப் பிள்ளையோட அப்பா செத்துப் போயிருந்தா?"

ரியாஸ் மேசை லாச்சியை இழுத்து ஒரு பழைய மலிவு ஃபோனை எடுத்தார். "வாங்க, அங்கயே போய்ப் பார்ப்போம்."

அவர் அறையிலும் என் அலுவலகத்திலும் வேகமான இணைப்பு. இரண்டு இடத்திலும் பிள்ளையார் கண் சிமிட்டும் நேரத்தில் வந்துவிடுவார். மடுல்கெல்லப் பாதையில் ஒரு வளைவில் சிக்னல் ஒற்றைக் கோடாக இறங்கியதும் வேனை நிறுத்தச் சொன்னார். ஃபோனில் எங்கள் தளத்தின் பக்கத்தைத் தட்டினார். தட்டியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். முகம் சிவந்தது. கழுத்து நரம்பு எழுந்தது. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. மூச்சை விட்டபோது திரையில் கிரீடம் மட்டும் இருந்தது. "ஏலாத ஆளுக்குப் பக்கத்துல நிக்கிறவங்க இப்படித்தான், அண்ணன். நம்பர் வாற வரைக்கும் அவங்களும் மூச்சு விட மாட்டாங்க." ஃபோனை என்னிடம் நீட்டினார். நானும் பிடித்துப் பார்த்தேன். என்னாலும் முடியவில்லை.

"அப்ப சாமியை எடுத்துருவோமா, தம்பி?" என்றேன். கத்திய குரல் எங்கே போனதோ.

"எடுக்க வேணாம். நீங்க கடிதம் எழுதக்குள்ள மேலுக்கு ஒரு 'உ' போடுவீங்களே, அதுவும் பிள்ளையார்தானே? எழுத்துக்குப் பாரமில்ல."

பாட்டு போனது, விளக்கு போனது, வேன் படங்கள் சுருங்கின. மேலே ஓர் 'உ'. அதன் கீழே, தொட்டால் அழைக்கும் எண். அடுத்த வாரம் அதே வளைவில் தட்டினோம். மூச்சைச் சரியாக உள்ளே இழுப்பதற்குள் எண் வந்து நின்றது. "நம்பர் முதல்ல. அழகு பொறகு வரட்டும்" என்றார். பிறகு அவரிடம் தளம் கேட்டு வந்த எல்லாரிடமும் அதைத்தான் சொன்னார். உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள்.

அடக்கம் முடிந்த பிறகு நிஸ்மியா சொன்னார். அன்று கணவரின் ஃபோன் பூட்டைத் திறக்க முடியவில்லை. தன்னுடைய ஃபோன் மகளிடம். மேசையில் கிடந்தது அந்தப் பழைய ஃபோன். அதில் யார் பெயரும் இல்லை, எங்கள் பக்கம் மட்டும் இருந்தது. "அமத்தினதும் நம்பர் வந்திட்டு, அண்ணன். இவருதான் மூச்சைப் புடிச்சிட்டே இருந்தாரு." நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

ரியாஸின் படத்தை எங்கள் தளத்தின் முகப்பில் பெரிதாகப் போடவேண்டும் என்று நீங்கள் கேட்டீர்கள். எனக்கும் அதே ஆசைதான். அவர் சிரிக்கும் படம் ஒன்றைப் போட்டும் பார்த்தேன். நிஸ்மியா கொடுத்த அந்த ஃபோனோடு வளைவுக்குப் போய், தட்டிவிட்டு மூச்சைப் பிடித்தேன். முதலில் நெற்றி வந்தது. பிறகு கண்கள். எண் அதற்குக் கீழே எங்கேயோ கிடந்தது. எனக்கு மூச்சு முட்டியது.

அங்கேயே நின்று படத்தைத் தளத்திலிருந்து நீக்கிவிட்டேன். இப்போது பக்கத்தின் கடைசி வரியில் அவர் பெயர் இருக்கிறது, வெறும் எழுத்தாக. அந்தப் பழைய ஃபோன் என்னிடம் இருக்கிறது. திங்கட்கிழமை தோறும் அந்த வளைவில் வேனை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டுகிறேன். எண் வந்ததும் விடுகிறேன். அதற்குப் பிறகுதான் பக்கத்தைக் கடைசி வரிவரை நகர்த்தி ரியாஸின் பெயரைப் பார்க்கிறேன்.