கோலத்தில் விழுந்த சிவப்புத் துளி

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வாசலில் நிற்கும் டிராக்டருக்கு முன்பக்கம் எரு அள்ளும் லோடர் உண்டு. அதைத் தூக்கி இறக்கும் சிலிண்டர் ஒழுகி, தினமும் என் கோலத்தில் சிவப்பு எண்ணெய் சொட்டியது. மன்னார்புரம் மெக்கானிக்கிடம் விடச் சொன்னேன். ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது.

“நானே சீல் மாத்துறேன். அப்புறமும் ஒரு சொட்டு விழுந்தா, இனிமே ஸ்பேனரையே தொட மாட்டேன்” என்றார்.

சிலிண்டரைக் கழற்றி, டீசலில் கழுவி, என் இட்லித் துணியால் துடைத்து, எண்ணெய் கசியாமல் தண்டைச் சுற்றி இறுக்கும் புது ரப்பர் சீல் போட்டு மாட்டினார்.

மறுநாள் காலையில் வண்டிக்கடியில் வேண்டுமென்றே பெரிய கோலமாகப் போட்டேன். அவர் லோடரை உயர்த்தி, சிலிண்டரிலிருந்து வெளியே நீண்ட பளபளப்பான தண்டுக்குச் சந்தனம் குழைத்துக் குங்குமப் பொட்டு வைத்தார். எனக்குக்கூட அவ்வளவு பெரிய பொட்டு வைத்துவிட்டதில்லை. பிறகு லோடரை இறக்கினார். தண்டு உள்ளே போனது. கோலத்தில் சிவப்பாக ஒரு துளி விழுந்தது.

அவர் முகம் வாடிவிட்டது. ஸ்பேனரை என் கையில் கொடுத்து, “மெக்கானிக்குக்கு போன் போடு” என்றார்.

நான் குனிந்து தொட்டுப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, சந்தனம் மணத்தது. உள்ளே போன தண்டிலிருந்த பொட்டைப் புது சீல் வழித்துத் தள்ளியிருக்கிறது. அதை என் நெற்றியில் வைத்துக்கொண்டேன்.

“சீல் நல்லாத்தாங்க இருக்கு. பொட்டு வைக்கத்தான் உங்களுக்கு வேற இடம் கிடைக்கல.”

“நான்தான் சொன்னேன்ல?” என்று உடனே நிமிர்ந்து ஸ்பேனருக்குக் கை நீட்டினார்.

“மலைக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் போய்ப் புது இட்லித் துணி வாங்கிட்டு வாங்க, தரேன்” என்றேன்.