மணியக்கா முடித்துவைக்காத கூட்டம்

மணியக்காவுக்குக் கூட்டம் என்றாலே ஆகாது. அப்படிப்பட்டவளைத்தான் நூறு வயது தாண்டிய பொதுமண்டபத்துக்குக் காவலாளியாகப் போட்டிருந்தார்கள். கல்யாணமோ, இரங்கல் கூட்டமோ, கண் பரிசோதனை முகாமோ, நேரம் முடிந்தால் கதவோரம் தொங்கும் பித்தளை மணியை அடித்துவிடுவாள். முப்பத்தோரு வருஷமாக இதுதான் வழக்கம். ஒருமுறை தொழிற்சங்கத் தலைவர் புரட்சி வாசலில் நிற்கிறது என்று முழங்கும்போது அடித்தாள். புரட்சி ஒத்திவைக்கப்பட்டது. சொந்தத் தம்பியின் வரவேற்பில், போட்டோவுக்கு நின்ற சம்பந்தி வீட்டாரையும் கலைத்தாள். தம்பி இரண்டு வருஷம் பேசவில்லை.

"அந்த ரெண்டு வருஷம்தான் நிம்மதியா இருந்தேன்" என்பாள்.

திட்டாதவர் இல்லை, திரும்பி வராதவரும் இல்லை. நாலு பேர் சேர்ந்து உட்கார ஊரில் வேறு கூரை கிடையாது.

அந்த மண்டபத்தைத்தான் 'பயன்பாட்டில் இல்லை' என்று நகராட்சி மூட முடிவெடுத்தது. இடித்துவிட்டு வண்டி நிறுத்துமிடம் கட்டுவார்களாம். கதவில் ஒட்டிய ஆணையை ஊர் பார்த்துவிட்டுப் போனது. மணியக்கா கண்ணாடி போட்டுப் படித்தாள். உள்ளே ஆள் இல்லாதபோதுதான் முத்திரை வைக்கலாம். அதுவும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள். தவறினால் நகர்மன்றத்தில் மறுபடி ஓட்டெடுப்பு. போன தடவை ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்த தீர்மானம் அது. அந்த ஒரு ஓட்டுக்காரருக்கு இப்போது தேர்தல் பயம் வேறு.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நகராட்சி இன்ஜினியர் பூட்டும் அரக்குமாக வந்தார். உள்ளே நாற்பது பேர். மேடையில் தையல் டீச்சர் பொத்தான் துளையைப் பற்றி ஒரு மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

"கூட்டம் சார். இந்த மண்டபத்தை யாருமே பயன்படுத்துறதில்லையாம். அதைப் பத்தித்தான்."

"எப்ப முடியும்?"

"நான் மணி அடிச்சா முடியும்."

"அப்ப அடிங்க!"

"முப்பத்தோரு வருஷமா அவசரப்பட்டு அடிக்கிறேன்னு ஊரே ஏசுது சார். இன்னைக்காவது கொஞ்சம் நிதானமா இருக்கேனே."

"வேலை போயிடும், பாத்துக்கங்க."

"பூட்டினா மட்டும் இருக்குமா? உட்காருங்க சார், நிக்காதீங்க. நாற்காலி நிறைய இருக்கு."

உட்கார்ந்தார். நாலு மணி ஆனது. தையல் வகுப்பு வழக்கமாக முடியும் நேரம். மணியக்கா வளர்த்த வளர்ப்பு அப்படி: மணியே அடிக்காமல் நாற்பது பேரும் பையை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். முன்வரிசை கதவுவரை வந்தாயிற்று. இன்ஜினியரும் பூட்டோடு எழுந்தார்.

"யாரது எழுந்தது? மணி அடிச்சேனா நான்? உட்காருங்க எல்லாரும்!"

அதட்டலில் நாற்பது பேரும் உட்கார்ந்தார்கள். இன்ஜினியரும் உட்கார்ந்துவிட்டார். டீச்சர் கொக்கி தைப்பதைப் பற்றி ஆரம்பித்தாள்.

ஐந்து ஆனதும் மணியக்கா போய் மணிக்கயிற்றை இழுத்தாள். நேராக இன்ஜினியர் முன்னால் வந்து நின்றாள்.

"நேரம் முடிஞ்சுது சார். கிளம்புங்க."

அவர் பூட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் உட்கார்ந்த நாற்காலியைத் துடைத்துவிட்டு அவள் திரும்பிப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக, மணி அடித்தும் நாற்பது பேரில் ஒருவர்கூட எழவில்லை.

அதற்கும் அவளிடம் திட்டு வாங்கினார்கள்.