ஆஸ்லோவில் அடித்த ஹார்ன்

விடுமுறைக்கு ஆஸ்லோ போன நானும் கணவரும் வாடகைக்குக் கார் எடுத்தோம். மதுரையில் ஓட்டிப் பழகிய கை என்னுடையது. மோர்டென்ஸ்ருட் பகுதியில் குழந்தை வண்டியைத் தள்ளியபடி ஒரு பெண் நிதானமாகச் சாலையைக் கடந்தார். பொறுக்காமல் ஹார்ன் அடித்துவிட்டேன்.

நின்றவர் நேராக என்னிடம் வந்தார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகக் கண்ணாடியை இறக்கினேன்.

அவர் முகத்தில் பதற்றம். “தமிழோ? என்ன தங்கச்சி, ஏதும் பிரச்சினையோ? இஞ்சை ஆரும் சும்மா ஹார்ன் அடிக்கிறேல்லை. பயந்துபோனன்.”

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. “ஹவுகெட்டோவுக்கு வழி தெரியலக்கா” என்றேன்.

பொறுமையாகச் சொன்னார். தெரிந்த வழிதான், தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

இப்போது மதுரையில் பின்னால் யாராவது ஹார்ன் அடித்தால் திட்டுவதில்லை. என்ன கஷ்டமோ என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.