கை போகும் இடம்

“கண்ணுல சோப்பு போயிடுச்சு. கால் லேசா வழுக்குது. உன் கை மொதல்ல எங்க போகும், பத்மா?”

தேவகி இதைக் கேட்டது அடையாறில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், நான் மோர்க்குழம்பு பரிமாறிக்கொண்டிருந்தபோது. துண்டு மாட்டும் கம்பிக்குப் போகும் என்றேன்.

“அது உன் துண்டத் தாங்கும். உன்னத் தாங்குமா? நீதானடி பிசிக்ஸ் டீச்சர், சொல்லு.”

சாப்பிடும்போது கேட்கிற கேள்வியா இது என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நீட்டினேன்.

சென்ற மாதம் ஒரு காலை, அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. தேவகியின் எண். ஆனால் பேசியது அவள் வீட்டில் வேலை செய்யும் செல்வி.

“டீச்சரு, அம்மா பேச மாட்டேங்கறாங்க. பாத்ரூம்ல கீறாங்க. எதுத்த வீட்டு டாக்டரு வந்து பாத்துட்டாரு. முடிஞ்சுபோச்சுன்றாரு.” செல்விக்கு மூச்சு வாங்கியது. “ஆனா விழல டீச்சரு. நெஜமா விழல. ஸ்டூல்ல உக்காந்துனுதான் கீறாங்க.”

“சரி, வரேன்” என்றேன். கைப்பேசியை வைத்துவிட்டு மிச்சமிருந்த காய்களுக்கும் நார் உரித்தேன். பிறகு கையைக் கழுவிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. அன்று அழுகை வரவில்லை. இதை எழுதும் இப்போதும் வரவில்லை. நிலைமம் பாடம் நடத்தும்போது ஓர் உதாரணம் சொல்வேன்: ஓடும் பேருந்து சட்டென்று நின்றாலும் உள்ளே இருப்பவரின் உடம்பு முன்னோக்கியே போகும். நான் இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது. பேருந்து நின்றுவிட்டது என்பது மட்டும் தெரிகிறது.

இந்த மலரைப் படிக்கும், நம் பள்ளியின் பழைய மாணவிகளான உங்களுக்கு அவர் பி.டி. டீச்சர். உடன் வேலை பார்த்த எங்களுக்கு விசில் டீச்சர். ‘அவர்’ என்று எழுதிப் பார்த்தேன், யாரைப் பற்றியோ எழுதுவதுபோல் இருக்கிறது. ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்து, ஒரே வருடம் ஓய்வு பெற்றவர்கள் நாங்கள். எனவே ‘அவள்’ என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டு விழாவுக்கு முந்தின நாள் அவள் என்ன செய்வாள் என்பது பலருக்கு நினைவிருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டப்பந்தயத் தடம் முழுக்க வெறுங்காலோடு நடப்பாள். காலில் தட்டுப்படுகிற கல்லைப் பொறுக்கிப் புடவைத் தலைப்பில் முடிந்துகொள்வாள். கண்ணால் பார்த்தால் போதாதா என்று தலைமையாசிரியை ஒருமுறை கேட்டார். “ஓடற பொண்ணு கீழ பாத்துக்கிட்டா ஓடப்போறா, மேடம்?” என்றாள் தேவகி.

கணவர் இறந்த பிறகு மந்தைவெளியில் தரைத்தளத்து வீட்டில் தனியாக இருந்தாள். ஒரே மகள் கீதா கனடாவில். கீதா பயந்ததில் தவறே இல்லை. “நான் ஃபோன் பண்ணி அம்மா எடுக்கலன்னா, எனக்கு அங்க கையும் ஓடல காலும் ஓடல, ஆன்ட்டி” என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். ஊருக்கு வெளியே முதியவர்களுக்கென்றே கட்டியிருக்கும் குடியிருப்பு ஒன்றில் அம்மாவைச் சேர்க்க விரும்பினாள். நானும் தேவகியும் போய்ப் பார்த்தோம். நல்ல இடம்தான். வேளாவேளைக்குச் சாப்பாடு, கூப்பிட்டால் நர்ஸ், சுற்றிலும் மரங்கள். திரும்பி வரும் வழியில் மத்திய கைலாஷ் சிக்னலில் வண்டி நின்றபோது தேவகி, “எல்லாம் சரியா இருக்கு பத்மா. எல்லாரும் மெதுவாப் பேசறாங்க. அங்க யார்கூடப் போய் சண்ட போடறது?” என்றாள்.

அவள் வீட்டு ஜன்னல் தெருவைப் பார்த்தது. காலையில் பைகளைச் சுமந்துகொண்டு குனிந்தபடி போகும் பிள்ளைகளை, எந்தப் பள்ளி, யார் வீட்டுப் பிள்ளை என்றெல்லாம் பார்க்காமல், “முதுக நிமிர்த்து!” என்று அங்கிருந்தே அதட்டுவாள். பிள்ளைகளும் நிமிர்வார்கள். சில சமயம் பின்னால் வரும் அப்பாக்களும் நிமிர்வார்கள். அந்த ஜன்னலை விட்டுப் போக அவளுக்கு மனமில்லை.

கடைசியில் அம்மாவும் மகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். வீட்டை முதுமைக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டு தேவகி அங்கேயே இருக்கலாம். ஆனால் ஒரே ஒரு முறை விழுந்தாலும் மறுபேச்சின்றி அந்தக் குடியிருப்புக்குப் போய்விட வேண்டும். தேவகி சரி என்றாள். வங்கியில் போட்டு வைத்திருந்ததை எடுத்தாள். அந்த வயதில் அவ்வளவு பணத்தைச் சுவரிலும் தரையிலும் போடுவதா என்று கேட்காத உறவினர் இல்லை. அவர்களுக்கெல்லாம் அவள் சொன்ன பதில் ஒன்றுதான்: “விழாம இருக்கறதுக்கு தைரியம் பத்தாது. ஏற்பாடு வேணும்.”

வேலை தொடங்கிய முதல் நாளே ஒரு சண்டை. சக்கர நாற்காலி வரவேண்டிய காலம் வந்தால் என்ன செய்வது என்று யோசித்து, தலைவாசல் நிலைப்படியைத் தரைமட்டமாக்கச் சொன்னாள். கொத்தனார் ஏழுமலை உளியைக் கீழே வைத்துவிட்டார்.

“வெள்ளிக்கெழமையானா மஞ்சா பூசற எடம்மா இது. இதுல என்ன கை வெக்க சொல்லாத. வேற ஆளப் பாத்துக்கோ.”

“அதுல தடுக்கி நான் விழுந்தா நீ வந்து மஞ்ச பூசுவியா?”

“நீ இன்னாத்துக்குமா விழப்போற? என்னிய கேட்டா, நீ தள்ளிவுட்டு நாலு பேரு விழுவான்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிலைப்படி தப்பியது. இரண்டு பக்கமும் எடுத்து மாட்டக்கூடிய சரிவுப் பலகை செய்யச் சொன்னாள். சரிவு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று மட்டும் என்னைக் கேட்டாள். லாரியில் பீப்பாய் ஏற்றச் சாய்த்துப் போடும் பலகையை உதாரணம் காட்டி, நீளம் கூடினால் ஏறுவது எளிது என்று விளக்கினேன். வெள்ளிக்கிழமைகளில் பலகையை எடுத்துவிட்டு மஞ்சள் பூசுவாள். “கண்ணு மங்கினவளுக்குப் படி எங்க இருக்குன்னு காட்ட மஞ்சளும் குங்குமமும் மாதிரி வேற என்ன பெயின்ட் இருக்கு?” என்றாள். பிறகு ஏழுமலையைக் குளியலறை வாசலுக்கு அழைத்துப் போனாள். “இந்தப் படியில எந்த லட்சுமியும் ஒக்காரல. இத உடை.” அவரும் உடைத்தார்.

குளியலறைக்கான வரைபடத்தைக் கீதா கனடாவில் ஒருவரிடம் சொல்லி வாங்கி அனுப்பியிருந்தாள். வழுக்காத தரை, கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்படி அடர்பச்சைச் சுவர், நல்ல உறுதியான எஃகுக் கைப்பிடிகள். படத்தில் இருந்தபடியே எல்லாம் முடிந்தது. பார்க்க மருத்துவமனை போல இருந்தது. எல்லாரும் பாராட்டினோம். மறுநாள் காலை எனக்கு அழைப்பு.

“பத்மா, ஒடனே வா. வரும்போது உன் மூளையையும் எடுத்துக்கிட்டு வா.”

போனேன். குளியலறையின் ஒரு மூலையில் ஷவர். அதைச் சுற்றி அழகாகக் கைப்பிடிகள். எதிர் மூலையில், குழாயடியில், அவளுடைய நீலப் பக்கெட், மக், உட்கார்ந்து குளிக்கும் குட்டை ஸ்டூல். அந்தப் பக்கம் சுவர் மொட்டையாக இருந்தது. வாழ்நாளில் அவள் ஒருநாளும் ஷவரில் குளித்ததில்லை. நானும் இல்லை. பக்கெட்டில் வெந்நீர் பிடித்து, விளாவி, உட்கார்ந்து ஊற்றிக்கொள்கிறவர்கள் நாங்கள். படம் வரைந்தவருக்கு அது தெரியாது. தெரிந்த நாங்கள் எல்லாரும் படத்தைப் பார்த்தோம், பக்கெட்டை யாரும் நினைக்கவில்லை.

தேவகி சமையலறைக்குப் போய், கோலத்துக்குக் கரைத்து வைத்திருந்த அரிசி மாவைக் கிண்ணத்தோடு கொண்டுவந்தாள். பழைய விசிலை என் கழுத்தில் மாட்டினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காய்ந்த தரையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் மாவில் நனைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

“நான் குளிக்கற மாதிரி பண்ணிட்டிருப்பேன். நீ எப்ப வேணா ஊது. ஊதினா நான் யோசிக்கக் கூடாது. கை எங்க போவுதோ போகட்டும்.”

ஊதினேன். என் விசில் சத்தத்தைக் கேட்டு, துணி மடித்துக்கொண்டிருந்த செல்வி ஓடிவந்தாள். “இன்னா டீச்சரு, ரெண்டு பேரும் இன்னா பண்ணிகினு கீறீங்க?” என்றவள், சிறிது நேரத்தில் கதவில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

முதல் விசிலுக்குத் தேவகியின் கை குழாய்க்குப் போனது. எழுந்திருக்கும்போது ஊதினேன், பக்கெட்டின் விளிம்பை அழுத்தினாள். அதுதான் ஆபத்து. விளிம்பில் நம் எடையைப் போட்டால் பக்கெட்டே நெம்புகோலாகிவிடும். அது கவிழும், நாமும் அதோடு போவோம். இதை நான் விளக்கத் தொடங்கியதும், “பாடம் அப்பறம். ஊதுடி” என்றாள். மறுபடி உட்கார்ந்தாள், திரும்பினாள், எழுந்தாள். பச்சைச் சுவரில் வெள்ளைக் கைத்தடங்கள் விழுந்துகொண்டே வந்தன. பெரும்பாலானவை ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தன, உட்கார்ந்திருப்பவளின் இடது தோளுக்குச் சற்று மேலே. யாரும் கைப்பிடி வைக்க நினைக்காத இடம் அது.

புது டைல்ஸை உடைக்க வேண்டியதாயிற்று. கீதா போனில் சத்தம் போட்டது எனக்கே கேட்டது. மகள் பேசி முடிக்கும்வரை தேவகி காத்திருந்து, “உடைக்கறது சுவரத்தானேம்மா, எலும்ப இல்லயே” என்றாள். அந்தக் கைத்தடங்களின் மேலேயே ஏழுமலை துளை போட்டார். ஷவர் பக்கத்துக் கைப்பிடி ஒன்றில் செல்வி மாப்பு காயப்போட்டாள்.

அந்த வாரமே கதவையும் மாற்றினாள். உள்பக்கம் திறக்கும் கதவு, உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் அவர் உடம்பிலேயே இடித்துத் திறக்க முடியாமல் போகும். அதனால் வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்டி, வெளியிலிருந்தும் நீக்கக்கூடிய தாழ்ப்பாள் வைத்தாள். வேலைகள் முடிந்த பிறகு சுமார் ஒரு வருடம் அந்த வீட்டில் இருந்தாள். விழவில்லை. பக்கத்துத் தெருவில் யாருடனோ குப்பைத் தொட்டிக்காகச் சண்டை போட்டாள். காலையில் ஜன்னலில் நின்று பிள்ளைகளின் முதுகை நிமிர்த்தினாள்.

அந்தக் காலை, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த செல்விக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கவில்லை. தட்டிப் பார்த்துவிட்டு, தாழ்ப்பாளை நீக்கி, கதவை இழுத்துத் திறந்திருக்கிறாள். தேவகி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கை, கைப்பிடியில் இருந்தது. இதயம் நின்றுவிட்டது என்றார் மருத்துவர். நான் போய்ச் சேர்ந்தபோது அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். முதுகு நேராக இருக்கிறது என்று நினைத்தேன். வேறெதுவும் தோன்றவில்லை.

துக்கத்துக்கு வந்த உறவினர் ஒருவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இவ்வளவு செலவு பண்ணியும் அனுபவிக்கக் குடுத்து வைக்கலையே” என்றார். செல்வி காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள். “இன்னா சார் அனுபவிக்கல? தெனிக்கும் புடிச்சிகினுதான எய்ந்தாங்க” என்றாள்.

கீதா வந்து, காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் என்னைக் குளியலறைக்கு அழைத்துப் போனாள். ஸ்டூல் அங்கேயே இருந்தது. அதில் உட்கார்ந்தாள்.

“அம்மா விழவே இல்ல, இல்ல ஆன்ட்டி?”

“இல்லம்மா.”

“அப்ப ஒப்பந்தத்துல அம்மாதான் ஜெயிச்சாங்க.”

கண்ணை மூடிக்கொண்டு சட்டென்று கையை நீட்டினாள். கீதா அவள் அப்பாவைப் போல் உயரம். கை கைப்பிடியைத் தாண்டி மேலே, வெறும் சுவரில் பட்டது. மறுபடி நீட்டினாள். மறுபடியும் வெறும் சுவர்.

“எனக்குக் கிடைக்கலயே ஆன்ட்டி” என்றாள். அப்போதுதான் அவள் அழுதாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கைப்பிடி ஒரே ஒரு கைக்காக வைத்தது. அந்தக் கை இப்போது இல்லை. அவள் போய்விட்டாள் என்பது அந்த அளவில்தான் எனக்குப் புரிந்தது, இன்றும் அந்த அளவில்தான் புரிந்திருக்கிறது.

கீதா விசிலைக் கொண்டுபோனாள். கொண்டுபோக வேண்டியவள் அவள்தான். எனக்குத் தேவகி கொடுத்தது என் வீட்டிலேயே இருக்கிறது. அவள் வீட்டு வேலை முடிந்த கையோடு, அரிசி மாவுக் கிண்ணமும் விசிலுமாக அடையாறு வந்து, என்னையும் ஸ்டூலில் உட்காரவைத்து ஊதினாள். என் கை போன இடத்தில் ஒரு கைப்பிடி இருக்கிறது. தினமும் காலையில் அதைப் பிடித்துத்தான் எழுகிறேன். பிடிக்கும்போது முதுகு தானாக நிமிர்கிறது. அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் குளியலறைக்குப் போங்கள். தரை காய்ந்திருக்கட்டும். வழக்கமாகக் குளிக்கும் இடத்தில், வழக்கம்போல் உட்கார்ந்தோ நின்றோ, கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வீட்டில் யாரையாவது எதிர்பாராத நேரத்தில் கைதட்டச் சொல்லுங்கள். தட்டியதும் உங்கள் கை எங்கே போகிறது என்று பாருங்கள்.